பிக்கப்பை மாத்துறதுக்கு முன்னாடி எர்த்தைப் பாருங்கய்யா!

மொதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் காட்டமான பதிவு. "அண்ணே, பேஸ் கிட்டாருக்கு எந்த பிக்கப் மாத்தலாம்?" இந்தக் கேள்வியோட என்கிட்ட வர்ற தம்பிங்க எண்ணிக்கை கூடிக்கிட்டே போகுது. எல்லாருக்கும் என் பதில் ஒண்ணுதான். மாத்தாதீங்க. மாத்தியே ஆகணும்னு ஒரு கட்டம் உண்டு, அதையும் கீழே சொல்றேன். ஆனா திருச்சியிலயும் ஸ்ரீரங்கத்துலயும் லைட் மியூசிக் ட்ரூப், சர்ச் குவாயர், காலேஜ் பேண்டுன்னு வாசிக்கிற பெரும்பாலான பசங்களுக்குப் பிரச்சினை பிக்கப்ல இல்லை. சுவத்துல இருக்கு. மூணு ஓட்டை பிளக் பாயிண்டுல, அந்தப் பெரிய ஓட்டையில இருக்கு.

கிட்டார் பக்கமே போகாத நண்பர்கள் ஓடிடாதீங்க, சுருக்கமா சொல்லிடறேன். எலெக்ட்ரிக் பேஸ்ல கம்பிக்குக் கீழே கறுப்பா ஒரு டப்பா இருக்கும், அதான் பிக்கப். உள்ள காந்தம். அதைச் சுத்தி முடி மாதிரி மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுத்து. மேல இருக்கிற இரும்புக் கம்பி அதிர்ந்தா காந்தப்புலம் ஆடும், சுருள்ல மின்சாரம் பிறக்கும். பிளஸ் டூவுல ஃபாரடே விதின்னு மனப்பாடம் பண்ணினோமே, அதேதான். அதுக்குக் காது கிடையாது. மரம் என்ன மரம்னு அதுக்குத் தெரியாது. காந்தப்புலம் ஆடிச்சா இல்லையா, அவ்ளோதான்.

இங்கதான் சிக்கல். கம்பி ஆட்டினாலும் காந்தப்புலம் ஆடும், பக்கத்துல டிரான்ஸ்ஃபார்மர் இருந்தாலும் ஆடும். நம்ம கரண்ட் ஒரு செகண்டுக்கு 50 தடவை துடிக்குது. பேஸோட தடிமனான கம்பி 41 தடவை. ரெண்டும் அடுத்தடுத்த வீடு. அதனாலதான் பேஸ்ல வர்ற "ம்ம்ம்" இரைச்சல் சும்மா தொல்லையா இல்லாம, பாட்டோட சுருதியையே கெடுக்குது.

இதுக்கு விடை நேத்து கண்டுபிடிச்சது இல்ல. 1951ல வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ்ல ஒத்தைச் சுருள். 1957ல அதை ரெண்டாப் பிரிச்சு, எதிரெதிராச் சுத்தி, காந்தத்தையும் தலைகீழா வெச்சாங்க. கம்பியோட ஒலி கூடும், வெளி இரைச்சல் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். 1960ல வந்த ஜாஸ் பேஸ்ல ரெண்டு தனிப் பிக்கப். அதுல ஒண்ணு எதிர்ச்சுத்தா இருந்தா, ரெண்டு வால்யூமையும் ஒரே அளவுல வெச்சா இரைச்சல் அடங்கும். ஒண்ணைக் குறைச்சா திரும்ப "ம்ம்ம்". இது தெரியாம எத்தனை பேர் ஜாஸ் பேஸை "ரிப்பேர்"னு தூக்கிட்டு அலையறாங்க தெரியுமா?

சரி, இரைச்சல் எங்கேருந்து வருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நாலு சோதனை, செலவு பூஜ்யம்.

1. கிட்டார் வால்யூமை முழுசாக் குறைங்க. அப்பவும் இரையுதா? பிக்கப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஒயர், ஆம்ப், கரண்ட், இந்த மூணுல ஒண்ணு.

2. வால்யூமை ஏத்திட்டு, நின்ன இடத்துலயே மெதுவா ஒரு சுத்து சுத்துங்க. ஒரு பக்கம் திரும்பினா கூடி, இன்னொரு பக்கம் குறையுதா? அது காந்த இரைச்சல். ஒத்தைச் சுருளோட குணம்.

3. கம்பியைத் தொடுங்க. தொட்டதும் குறையுதா? உள்ள எர்த் ஒயர் சரியா இருக்கு, கவசம்தான் போதல. குழிக்குள்ள காப்பர் டேப் ஒட்டி, அதை எர்த்தோட சேர்த்து ஈயம் வையுங்க. வேலை முடிஞ்சது.

4. தொட்டதும் கூடுதா? பிரிட்ஜுக்குப் போற ஒயர் விட்டிருக்கும், இல்ல ஜாக்ல மாத்தி வெச்சிருப்பாங்க. சால்டரிங் ராடு வெச்சிருக்கிற எந்த டிவி மெக்கானிக்கும் சரி பண்ணிடுவார்.

இந்த நாலுல பிக்கப்பைக் குத்தம் சொல்ற சோதனை ஒண்ணே ஒண்ணுதான். மிச்ச மூணுக்கும் வெளிநாட்டுலேருந்து டப்பா வரவழைச்சு, வரி கட்டி, நாலஞ்சு கச்சேரி சம்பளத்தைக் காலி பண்ணி, கடைசியில அதே "ம்ம்ம்".

இப்ப சொல்லப்போறதுதான் எனக்கு வயித்தெரிச்சல். இரைச்சல் தாங்கலன்னு சில பேர் பண்ற "வைத்தியம்" என்ன தெரியுமா? ஆம்ப் பிளக்ல இருக்கிற பெரிய பின்னை உடைச்சிடறது. இல்லன்னா ரெண்டு பின் அடாப்டர் போட்டுடறது. உடனே இரைச்சல் நின்னுடும்! "பாத்தியா, நம்ம ஐடியா!"ன்னு தோளைத் தட்டிக்கிறாங்க. மிக்ஸருக்கு ஒரு எர்த், ஆம்புக்கு ஒரு எர்த்துன்னு ரெண்டு வழி இருந்ததால ஒரு வளையம் உருவாகி இரைஞ்சது. ஒண்ணை வெட்டினதும் வளையம் போச்சு. கூடவே உங்க உயிருக்கு இருந்த காவலும் போச்சு.

யோசிச்சுப் பாருங்க. பேஸ் கம்பி எல்லாம் பிரிட்ஜ் வழியா ஆம்போட உலோகப் பெட்டியில போய்ச் சேருது. ஆம்புக்கு எர்த் இல்ல. உள்ள எங்கயோ ஒரு கசிவு. இப்ப உங்க கை லைன்ல இருக்கு. கோரஸ் பாட மைக்ல வாயை வைக்கிறீங்க. மைக் இன்னொரு லைன்ல எர்த் ஆகியிருக்கு. நடுவுல நீங்க. 1972ல இங்கிலாந்துப் பக்கம் வேல்ஸ்ல, ஸ்வான்சீ ஊர்ல லெஸ் ஹார்வின்னு ஒரு கிட்டாரிஸ்ட் மேடையிலயே செத்தது இப்படித்தான். எர்த் இல்லாத மைக்கைத் தொட்டார். அவ்வளவுதான் அவர் செஞ்சது.

நம்ம ஊர்ல கரண்ட் போனா மண்டபத்துக்குப் பின்னாடி ஜெனரேட்டர். அந்த ஜெனரேட்டருக்கு எர்த் இருக்கான்னு யாராவது கேட்டிருக்கீங்களா? பந்தல்காரர், சீரியல் செட்காரர், சவுண்டு சர்வீஸ்காரர், சமையல்கட்டு கிரைண்டர், எல்லாம் ஒரே போர்டு. நான் வாசிச்ச ஒரு மண்டபத்துல (பேர் வேணாம்) எர்த் ஓட்டையில ஒயரே இல்ல, வெறும் அலங்காரம். மேனேஜர்கிட்ட சொன்னா, "இத்தினி வருசமா இப்படித்தான் சார் ஓடுது"ங்கறார். ஓடும் சார். ஓடற வரைக்கும் ஓடும்.

கொடுமை என்னன்னா, ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்கிற தீவு. ஈர மண்ணு மின்சாரத்தை நல்லாக் கடத்தும். ஒரு குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, கோடையில நாலு குடம் தண்ணி ஊத்தினா முடிஞ்சது. ரெண்டு ஆத்துக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு எர்த் இல்லாம மேடை போடறோம். இதை என்னன்னு சொல்ல?

வளையம்தான் பிரச்சினைன்னா முறையான வைத்தியம் இருக்கு. ஆம்ப், மிக்ஸர் எல்லாத்தையும் ஒரே பாயிண்டுலேருந்து எடுங்க. பேஸை டி.ஐ. பாக்ஸ் வழியா மிக்ஸருக்கு அனுப்புங்க, அதுல கிரவுண்ட் லிஃப்ட்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும். அது சிக்னல் ஒயரோட எர்த்தைத்தான் வெட்டும், கரண்டோட எர்த்தை இல்ல. ட்ரூப் நடத்தறவங்க ஒரு சாக்கெட் டெஸ்டரும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்ட ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் சொந்தமா வெச்சுக்கங்க. ஒரு நல்ல பிக்கப் விலையில பாதிகூட ஆகாது.

"இரைச்சல் இல்லண்ணே, சவுண்டே சரியில்ல"ன்னு இன்னொரு கோஷ்டி. அவங்ககிட்ட கேக்கறது: ஸ்குரூ டிரைவர் இருக்கா? பிக்கப்புக்கு ரெண்டு பக்கமும் ஸ்குரூ இருக்கு. கடைசிக் கட்டையில கம்பியை அழுத்திப் பிடிச்சா, கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவுல 2லிருந்து 3 மில்லிமீட்டர் இருந்தா நல்ல ஆரம்பம். ரொம்பக் கிட்ட வெச்சா காந்தம் கம்பியை இழுத்து சுருதி தள்ளாடும். தள்ளி வெச்சா சோகையா கேக்கும். அரைத் திருகுல வர்ற வித்தியாசம் சில சமயம் புது பிக்கப்ல கூட வராது. அப்புறம் கம்பி. ரெண்டு வருசமா வேர்வை குடிச்ச கம்பியை வெச்சுக்கிட்டு பிக்கப்பைத் திட்டறது, ஊசிப்போன மாவை வெச்சுக்கிட்டு தோசைக்கல்லைத் திட்டற மாதிரி.

அடுத்து ஓம் கணக்கு ஜல்லி. "இது 7.5 கிலோ ஓம், அது 8, அதனால அது ஹாட்." சாமி, செப்போட தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் ஏறும். ஏசி ரூம்ல 25 டிகிரியில 7.5 காட்டற பிக்கப், நம்ம அக்னி நட்சத்திரத்து 40 டிகிரியில 7.9 காட்டும். அந்தக் கணக்குப்படி மே மாசம் திருச்சியில எல்லா பிக்கப்பும் ஹாட்தான் :-) மெல்லிய கம்பி போட்டாலும் ஓம் கூடும், சுத்து கூட்டினாலும் கூடும். காந்தம் எது, சுத்து எத்தனைன்னு தெரியாம ஓம்மை மட்டும் பாக்கறது, எடையைப் பாத்து மாப்பிள்ளை எடுக்கற கதை.

"மண்டபத்துல பேஸ் தெளிவா கேக்கல" - இது நியாயமான குறை. ஆனா சிமெண்ட் சுவரும் கிரானைட் தரையும் இருக்கிற ஹால்ல தாழ்ந்த ஒலி உருண்டுக்கிட்டே இருக்கும். பிக்கப் என்ன பண்ணும்? அங்க இருக்கிற பெட்டி பல சமயம் 41 துடிப்பை எழுப்பவே எழுப்பாது. நம்ம காதுல விழறது 82, 123ன்னு அதோட மடங்குகள். அடி ஒலியை மூளை தானே ஊகிச்சுக்கும். ராஜா சாரோட 80கள் பாட்டுகளை நம்ம அப்பா அம்மா கையளவு ஸ்பீக்கர் இருக்கிற டிரான்சிஸ்டர்லதான் கேட்டாங்க. அதுல 41 எங்க வந்துச்சு? ஆனா பேஸ் தனியா இன்னொரு பாட்டுப் பாடினது கேட்டுச்சே! ஏன்னா மத்த வாத்தியங்கள் அதுக்கு இடம் விட்டுச்சு. அதனால ஆம்ப்ல அடியைக் குறைச்சு நடுவைக் கொஞ்சம் ஏத்துங்க. ஸ்ரீரங்கத்துல வைகுண்ட ஏகாதசி உற்சவத்துல, ராத்திரி நம்பெருமாள் உள்ளே எழுந்தருளும்போது வீணை ஏகாந்தம் நடக்கும். அங்க கூட்டம் அடங்கினாத்தான் வீணை கேக்கும். நம்ம ட்ரூப்ல பேட் அடிக்கிற அண்ணன் அடங்குவாரா? அதை பிக்கப் சாதிக்காதுங்க.

அப்போ எப்பத்தான் மாத்தறது? மாண்டலின் ஸ்ரீநிவாஸை நினைச்சுக்கங்க. சாதா மாண்டலின்ல நாதம் சட்டுன்னு செத்துடும், கமகம் நிக்காது. அதனால எலெக்ட்ரிக்குக்குப் போனார். ஜோடிக் கம்பியை ஒத்தையாக்கினார், அஞ்சாவதா ஒண்ணு சேர்த்தார். என்ன குறைன்னு முதல்ல தெரிஞ்சது, அப்புறம் கருவியை மாத்தினார். பேர் பாத்து வாங்கல. நீங்களும் அப்படி மாத்துங்க:

* சுருள் அறுந்து, மல்டிமீட்டர் ஓப்பன் காட்டினா மாத்தியே ஆகணும்.
* இரண்டாவது சோதனையில மாட்டினா, அதே அளவுல வர்ற இரைச்சல் அடக்கற வகை வாங்குங்க. விண்டேஜ்னு ஆசைப்பட்டு திரும்ப ஒத்தைச் சுருள் வாங்காதீங்க.
* வேற குரல்தான் வேணும்னா, அந்தக் குரல் இருக்கிற கிட்டாரை ஒரு நாள் இரவல் வாங்கி, உங்க ட்ரூப்போட சேர்ந்து வாசிச்சுப் பாத்துட்டு முடிவெடுங்க. தனியா வீட்டுல கேட்டா எல்லாம் தேன்தான்.
* வாங்கறதுக்கு முன்னாடி ஸ்கேல் எடுத்து அளங்க. ஜாஸ் பேஸ்ல முன்னாடி பிக்கப்பை விட பிரிட்ஜ் பக்கத்துது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளம். விலை குறைஞ்ச காப்பிகள்ல ரெண்டும் ஒரே அளவா இருக்கறதும் உண்டு. இதுல கோட்டை விட்டா உளியும் கையுமா உக்காரணும்.

ஏன் இவ்ளோ சூடுன்னு கேக்கறீங்களா? நான் பகல்ல ஆணி புடுங்கிட்டு, சனி ஞாயிறு வாசிக்கிறவன். பிக்கப் போனா எனக்கு ஒரு மாசம் ஹோட்டல் சாப்பாடு குறையும், அவ்ளோதான். ஆனா உறையூர்லயும் பாலக்கரையிலயும் இதை நம்பிப் பிழைக்கிற பசங்க இருக்காங்க. அவன் கிட்டார் இரைஞ்சா கீபோர்டு அண்ணன், "நீ உக்காரு தம்பி, பேஸை நான் இடது கையில பாத்துக்கறேன்"னு சொல்லிடுவார். அந்த பயத்துலதான் கடன் வாங்கி டப்பா வாங்கறான். அவனுக்கு டப்பா விக்க ஆள் இருக்கு. எர்த் பாக்கக் கத்துக்கொடுக்க ஆள் இல்ல, ஏன்னா அதுல யாருக்கும் கமிஷன் கிடையாது.

பிக்கப் அடுத்த வருசமும் கிடைக்கும். இந்த வார முகூர்த்தத்துக்கு மேடை ஏறும்போது முதல்ல பிளக்கைப் பாருங்க. மூணாவது பின் இருக்கா? அதுக்குப் பின்னாடி ஒயர் இருக்கா? இல்லன்னா வாசிக்க மாட்டேன்னு சொல்லுங்க. ஒரு ட்ரூப் சொன்னா திமிருன்னுவாங்க. பத்து ட்ரூப் சொன்னா மண்டபத்துக்காரர் குழி வெட்டுவார்.

டிஸ்கி: ஓம்மைப் பத்திச் சண்டை போட வர்றவங்க, தயவுசெஞ்சு தெர்மாமீட்டரோட வரவும் :-)