பெங்களூரு சொன்னது, மினியாபொலிஸ் கேட்டது

இணையப் பாதுகாப்புக் கண்காணிப்புப் பணிக்கான விளம்பரங்களில் முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று படிக்குப் படி சான்றிதழ்களையும் மென்பொருள் பெயர்களையும் அடுக்குகிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு டார்கெட் கதைதான் ஞாபகம் வரும். 2013 நவம்பர் கடைசியில், பண்டிகைக் கூட்டம் அலைமோதிய நாட்களில், அந்த அமெரிக்கச் சங்கிலிக் கடை நிறுவனத்தின் கணினிகளுக்குள் அட்டை விவரங்களைத் திருடும் மென்பொருள் புகுந்தது. வாடிக்கையாளர்களின் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் பறிபோன சங்கதி உங்களுக்குத் தெரிந்ததுதான். என்னை உறுத்துவது வேறு. தீம்பொருளைக் கண்டுபிடிக்கப் புதிதாக வாங்கிய ஃபயர்ஐ கருவி திருடனைப் பார்த்துவிட்டது. பெங்களூரில் கண்காணித்த குழுவும் பார்த்தது. மினியாபொலிஸ் தலைமையகத்துக்குத் தகவலும் சொன்னது. அங்கே அசைவில்லை. அந்த எச்சரிக்கையில் வந்த பெயர் 'மால்வேர்.பைனரி' என்று மொட்டையாக இருந்ததாம். தினம் வந்து குவிகிற குப்பையில் அதுவும் ஒன்று. தீம்பொருளைத் தானாகவே அழிக்கும் வசதியும் கருவியில் உண்டு, அதை அணைத்து வைத்திருந்தார்கள். மனிதர் முடிவெடுக்கட்டும் என்பது இத்துறையில் அப்போது பரவலான வழக்கம். சரி, எந்த மனிதர்? டார்கெட்டின் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தின் மேலாளர் அக்டோபரிலேயே விலகிப் போயிருந்தார் என்று பிறகு செய்தி வந்தது. முதல் நிலை ஊழியருக்குக் கருவியை ஓட்டத் தெரிந்தால் போதுமா? மேலதிகாரி பதில் சொல்லாவிட்டால் மறுபடி கூப்பிடும் பிடிவாதமும், அதற்காகத் திட்டு வாங்காத உத்தரவாதமும் அவருக்கு வேண்டாமா? இதற்கு எந்தச் சான்றிதழும் கிடையாது. சம்பளமோ முதல் நிலை ஊழியருக்குத்தான் ஆகக் குறைவு. மேலிடத்திலும் பொறுப்பேற்க ஆள் இல்லை: தகவல் பாதுகாப்புக்கென்று தனித் தலைமை அதிகாரியை டார்கெட் நியமித்தது 2014 ஜூனில்தான்.