ஈமானை அளக்கும் பிரஷர் கருவி

ஐவேளை தொழுகிறவனுக்கு பிரஷர் வராதாம். வந்தால் ஈமானில் எங்கோ ஓட்டையாம். மாத்திரையைத் தூக்கிப்போட்டுவிட்டுக் கருஞ்சீரகத்தை மென்றால் போதுமாம். நண்பரின் கட்டுரையைப் படித்து முடித்ததும் எனக்கு ஒரே ஒரு சந்தேகம்: ஐயூப் நபிக்கு (அலை) எந்த ஈமான் குறைவால் நோய் வந்தது?

கட்டுரையில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். நோன்பு மாதத்தில் பலருக்கு பிரஷர் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது. கருஞ்சீரகத்தைப் பற்றியும் சிறு ஆய்வுகள் நல்லபடியாகச் சொல்கின்றன. அதற்காக 170-ல் நிற்கிறவனின் மாத்திரையைப் பிடுங்குவதா? மருத்துவம் செய்துகொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) சொன்னது அபூதாவூதில் இருக்கிறது. நண்பரின் கட்டுரையில் மட்டும் இல்லை.

மாத்திரை நோன்பை முறிக்கும் என்பது அவருடைய பெரிய ஆயுதம். பகலில் விழுங்கினால் முறியும்தான். யார் பகலில் விழுங்கச் சொன்னது? அம்லோடிபின் நாளுக்கு ஒரு வேளைதான். சஹரிலோ இஃப்தாரிலோ போட்டுக்கொள்ளலாம். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நோன்புக்கு முன்பே டாக்டரிடம் நேரத்தையும் அளவையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்படியும் முடியாத நோயாளி வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளும் சலுகை பகரா அத்தியாயத்திலேயே இருக்கிறது. அல்லாஹ் கொடுத்ததை ரத்து செய்ய இவர் யார்?

நம் தட்டைப் பற்றி நண்பர் வாயே திறக்கவில்லை. நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். மொத்தத்தில் ஒரு டீஸ்பூன். நமக்கோ இஃப்தாருக்குக் கஞ்சி, கூடவே வடை, சமோசா. தராவீஹ் முடிந்து மறுபடி கடை, நள்ளிரவில் புரோட்டா சால்னா. சஹருக்கு ஊறுகாய், அப்பளம். தூக்கம் மூன்று மணி நேரம். இத்தனையையும் ஒரு சிட்டிகை கருஞ்சீரகம் சமாளிக்க வேண்டும், பாவம்.

என் அத்தாவிடமும் ஒருவர் இதே உபதேசத்தைச் செய்தார். ரமலான் முதல் பிறையோடு மாத்திரை நின்றது. தலைவலி, கிறுகிறுப்பு எதுவுமில்லை. பிரஷருக்குக் கதவைத் தட்டிவிட்டு வரும் பழக்கம் கிடையாது. இருபதாம் நோன்பு சஹருக்கு எழுந்தவருக்கு வாய் கோணிப்போயிருந்தது. கல்லாப்பெட்டியில் பிரிக்காத மாத்திரை அட்டை இரண்டு கிடந்தன. இப்போது தக்பீருக்கு இடக்கை மட்டும்தான் உயர்கிறது. நாற்பது வருடமாக ஒரு வக்து தவறவிடாத மனுஷர். அவர் ஈமானில் ஓட்டை எங்கே என்று நண்பர் எங்கள் வீட்டுக்கு வந்து, அத்தாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.