பென்சில் இல்லாத கோல்ஃப்

ஆபீஸ்ல ஆணி அதிகம். அதுபோக ஊர்லேர்ந்து அப்பா வந்திருக்கார். அட்லாண்டாவுக்கு வடக்கே ஒரு புறநகர்ல, கார் இல்லாம தெருமுனைக்குக்கூட போக முடியாத இடத்துல, கோவில்பட்டிக்காரர் என்னதான் பண்ணுவார் பாவம். காலையில ஒரு நடை, மத்தியானம் ஒரு தூக்கம், சாயங்காலம் ஜன்னல். "சனிக்கிழமை ராத்திரி மாமாவை எங்கேயாவது கூட்டிட்டுப் போற வழியைப் பாருங்க"ன்னு தங்கமணி உத்தரவு போட்டாச்சு. பையன் போன்ல தேடி ஒரு இடத்தைக் கண்டுபிடிச்சான். உள்ளரங்க மினி கோல்ஃப். அதுவும் சாதா இல்லை, கம்ப்யூட்டரே கணக்கு வச்சுக்குமாம். இடத்தோட பேர் எதுக்கு, இப்ப இந்த மாதிரி ஊருக்கு ரெண்டு முளைச்சிருக்கு.

உள்ளே போனா கல்யாண மண்டபத்துக்கும் டிஸ்கோவுக்கும் பிறந்த குழந்தை மாதிரி இருக்கு. இருட்டு, நீலமும் ஊதாவுமா விளக்கு, காதைப் பிளக்கிற பாட்டு. ஒரு பக்கம் பார், நடுவுல வளைஞ்சு வளைஞ்சு ஒன்பது குழி. எட்டு மணிக்கு மேல சின்னப் பசங்களுக்கு அனுமதி இல்லைன்னு வாசல்லயே எழுதியிருந்தது. அஞ்சு பேருக்கு ஆட்டத்துக்கு மட்டும் நூறு டாலர்கிட்ட ஆச்சு. அப்பாகிட்ட நாற்பதுன்னு சொல்லி வச்சிருக்கேன், யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க :-)

ஆளுக்கொரு கலர்ல பந்து. ஆரம்பத்துல ஒரு வட்டத்து மேல பந்தை வச்சா, திரையில நம்ம பேர் வருது. அடிச்சா எத்தனை அடி, குழியில விழுந்ததா, நடுவுல பொறியில மாட்டினதா, எல்லாம் அதுக்கே தெரியுது. அடி குறைஞ்சா நல்லதுங்கிற பழைய கணக்கு கிடையாது. பாயிண்ட் ஏறும், பொறியில விழுந்தா இறங்கும். இதோட மூலம் இங்கிலாந்து. 2000ல வாட்ஃபோர்டுங்கிற ஊர்ல டாப்கோல்ஃப் தொடங்கினப்ப பந்துக்குள்ள சிப் வச்சாங்க. அதை ஆரம்பிச்ச ஜாலிஃப் சகோதரர்களே அப்புறம் அந்த யோசனையை மினி கோல்ஃபுக்குக் கொண்டு வந்தாங்க. அவங்க பங்கெடுத்த பட்ஷாக்கோட முதல் இடம் 2018ல லண்டன்ல திறந்தது. பொட்டி தட்டுறவன்ங்கிற முறையில நானும் வாயைப் பிளந்துதான் பார்த்தேன்.

அப்பா ஒரே பார்வையில விஷயத்தைச் சொல்லிட்டார். "கோலிக்குண்டுதானேடா இது? விரலுக்குப் பதிலா குச்சி."

வேடிக்கை என்னன்னா, அமெரிக்காவுல இந்த விளையாட்டு பெருசானதே எங்க வீட்டுலேர்ந்து ரெண்டு மணி நேரத்துல இருக்கிற லுக்அவுட் மலையிலதான். 1927ல கார்னெட் கார்ட்டர்ங்கிறவர் அங்கே டாம் தம்ப் கோல்ஃப்னு ஆரம்பிச்சார். 1930ல நாடே பைத்தியமா அலைஞ்சிருக்கு. நியூயார்க்ல மொட்டை மாடியையும் விட்டு வைக்கலை. அப்ப தரைக்குப் பச்சைக் கம்பளம் ஏது? பருத்திக்கொட்டைத் தோலை அரைச்சு, சாயம் ஏத்திப் பரப்பியிருக்காங்க. இதைச் சொன்னதும் கரிசக்காட்டு மனுஷன் திகைச்சுப் போயிட்டார். "மாட்டுக்கு வைக்கிறதையா காலால மிதிச்சான்?"

இப்ப என் கட்சிக்கு வர்றேன். எனக்கு அந்தத் திரை பிடிக்கலை.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி அப்பா வந்திருந்தப்ப ஃப்ளோரிடா, பனாமா சிட்டி பீச் போயிருந்தோம். ரோட்டுக்கு ரோடு மினி கோல்ஃப். அங்கே ஒரு அட்டையும் விரல் நீளப் பென்சிலும் குடுத்தாங்க. எழுதுற வேலை அப்பாவோடது. தபால் ஆபீஸ்ல முப்பத்தெட்டு வருஷம் சேமிப்புக் கணக்கு எழுதின கை அது. அஞ்சு காசு இடிச்சாக்கூட ராத்திரி எட்டு மணி வரை உக்காந்து தேடிட்டு வருவார். அப்பேர்ப்பட்டவர் அன்னிக்குச் செஞ்சது பச்சை மோசடி. பேத்திக்கு அஞ்சு வயசு. அவ ஒன்பது தடவை தட்டினா அட்டையில நாலு. பையன் குதிகுதின்னு குதிச்சான். "தாத்தா, நான் எண்ணினேன்!" அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கிட்டு, "கணக்கு முடிஞ்சு போச்சு தம்பி"ன்னுட்டார்.

எங்க தெருவுல கோலி ஆடினப்பவும் இதேதான். தோத்தவன் முட்டியை நீட்டணும், ஜெயிச்சவன் கோலியால அடிப்பான். ஆனா காய்ச்சல்ல எழுந்து வந்த பயலுக்கு மெதுவா விழும். பேட் சொந்தக்காரனுக்கு முதல் பந்துல அவுட் கிடையாது. இதெல்லாம் எந்தப் புத்தகத்துல இருக்கு?

பெரிய கோல்ஃபே நம்பிக்கையில ஓடுற ஆட்டம்தான். எங்க அட்லாண்டாக்காரர் பாபி ஜோன்ஸ், 1925 அமெரிக்க ஓபன்ல, வேற யாரும் பார்க்காத நேரத்துல பந்து அசைஞ்சுதுன்னு தானே சொல்லி ஒரு அடியைக் கூட்டிக்கிட்டார். கடைசியில சமநிலை ஆட்டத்துக்குப் போய்த் தோத்தார். 1968ல, பக்கத்து அகஸ்டாவுல, ராபர்ட்டோ டி விசென்சோ பதினேழாவது குழியில மூணு அடிச்சார். சேர்ந்து ஆடினவர் அட்டையில நாலுன்னு எழுதிட்டார். இவர் பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டார். விதிப்படி எழுதினதுதான் கணக்கு. ஒரே ஒரு அடியில மாஸ்டர்ஸ் கோப்பை கைநழுவிப் போச்சு. அது அவரோட பிறந்தநாள் வேற. திரை இருந்திருந்தா அந்த மனுஷன் பிழைச்சிருப்பார்னு பையன் சொன்னான். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

இன்னொருத்தியும் அவன் கட்சிதான். பேத்திக்கு இப்ப பதினோரு வயசு. மூணாவது குழியில ஒரே அடியில உள்ளே போட்டுட்டா. விளக்கெல்லாம் பத்திக்கிச்சு, திரையில அவ பேர் முதல் இடத்துல. "இது நிஜமா ஜெயிச்சது. பீச்ல தாத்தா குறைச்சு எழுதினது எனக்கு அப்பவே தெரியும்"னு கத்தினா. நான் அப்பாவைப் பார்த்தேன். பாட்டுச் சத்தத்துல அவர் காதுல விழுந்ததான்னு தெரியலை.

அப்பாவுக்கு இப்ப எழுபத்தாறு. ரெண்டு வருஷமா வலது கை நடுங்குது. டம்ளரை ரெண்டு கையாலதான் பிடிக்கிறார். முதல் குழியில பந்து குழியைச் சுத்திச் சுத்தி வந்துச்சே தவிர விழலை. ரெண்டாவதுல பொறி. ஒவ்வொரு பொறிக்கும் ஒரு சத்தம் வேற போடுறான், கட்சிக் கூட்டத்துல மைக் அலறுற மாதிரி. நாலாவது முடிஞ்சப்ப, எல்லாருக்கும் கீழே கொட்டை எழுத்துல அவர் பேர். பக்கத்து வரிசையில ஆடின சின்னப் பசங்க திரும்பிப் பார்க்கிறாங்க. பென்சில் என் கையில இருந்திருந்தா என்ன எழுதியிருப்பேன்னு உங்களுக்கே தெரியும்.

அஞ்சாவது குழியில, "கால் வலிக்குது, நீங்க ஆடுங்க"ன்னு ஓரமா இருந்த திண்டுல போய் உக்காந்துட்டார். கால் வலி இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா திரைக்குத் தெரியலை. 'தாத்தாவின் முறை'ன்னு இங்கிலீஷ்ல மின்னி மின்னிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. நாங்க அடுத்த குழிக்குப் போனா அங்கேயும் அதே. அட்டையா இருந்தா ஒரு கோடு இழுத்திருக்கலாம். பணியாளரைக் கூப்பிட்டுப் பேரை எடுக்கச் சொல்லலாம்னு கிளம்பினேன். தங்கமணி கையைப் பிடிச்சுட்டாங்க. அவர் கண்ணு முன்னாடி அவர் பேரை அழிக்கவா?

அதுக்குள்ள பேத்தி தாத்தாவோட மஞ்சள் பந்தை எடுத்து வட்டத்துல வச்சா. பேர் வந்தது. நிதானமா குனிஞ்சு ரெண்டே அடியில உள்ளே தள்ளினா. தாத்தாவுக்கு பாயிண்ட் ஏறிச்சு. அடுத்த குழியிலயும் அவளேதான். தன் பந்தை அலட்சியமா அடிச்சா, மஞ்சளை மட்டும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அடிச்சா. "இது போங்கு!"ன்னு பையன் கத்தினான். ஆனா எட்டாவது குழியில மஞ்சளை அடிச்சது அவன். பந்துக்குள்ள இருக்கிற சிப்புக்குப் பந்தைத்தான் தெரியும், அடிக்கிற கை யாருதுன்னு தெரியாது.

அப்பா திண்டை விட்டு எழுந்து வந்துட்டார். ஒன்பதாவதை நானே அடிக்கிறேன்னு குச்சியை வாங்கிக்கிட்டார். மறுபடி பொறி, மறுபடி அந்தச் சத்தம். இந்த தடவை அவரே சிரிச்சுட்டார். முடிவுல அவர் மூணாவது இடம். கடைசி யாருன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா?

கார்ல வரும்போது முன் சீட்ல கண்ணை மூடிக்கிட்டே கேட்டார். "ஏண்டா, நாற்பது டாலர்னா நம்ம பணம் எவ்வளவு?"

டிஸ்கி: கோவில்பட்டி உறவுகள் யாராவது இதைப் படிச்சா, டிக்கெட் விலையை மட்டும் பின்னூட்டத்துல போடாதீங்க. அப்பா இப்பல்லாம் என் பதிவையும் படிக்க ஆரம்பிச்சிருக்கார். இந்தப் பதிவுக்கு என்ன பண்ணப் போறேன்னு இனிமேதான் யோசிக்கணும்.