கல்லாவுக்குப் பக்கத்தில் பத்துப் பிரதிகள்

2025 செப்டம்பர் 3ஆம் தேதி கூடிய ஜி.எஸ்.டி. மன்றத்தின் 56ஆவது கூட்ட முடிவு 22ஆம் தேதியிலிருந்து நடப்புக்கு வந்துவிட்டது. 4802 என்ற வரித் தலைப்பில் வரும் நம் மேப்லித்தோ தாள் 12 சதவீதத்திலிருந்து 18க்கு ஏறிவிட்டது. அதே தாளை நோட்டுப் புத்தகம் செய்ய வாங்கினால் வரியே இல்லை. இதில் இந்த இதழ் என்ன நிலை எடுக்கப்போகிறது என்று பதிப்பாளர்களும் அச்சகக்காரர்களும் அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உயர்வை எதிர்க்கிறோம். பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுக்கு வரி நீக்கியது நல்ல காரியம். ஆனால் ஒரே ஆலையில், ஒரே நாளில், ஒரே சுருளிலிருந்து வெட்டிய தாளுக்குக் கோடு போட்டால் பூஜ்யமும் கதை அச்சிட்டால் 18ம் என்பதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. நூல்கள் வரும் 4901 விலக்குப் பெற்ற பொருள் என்பதால், தாளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் இன்புட் நமக்குக் கிடையாது. கட்டிய வரி அப்படியே அடக்க விலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நூல் அச்சிடும் தாளுக்கும் நோட்டுத் தாளின் சலுகை வேண்டும். அது முடியாதென்றால், ஏற்றுமதியாளருக்குத் தருவதுபோலக் கட்டிய வரியைத் திருப்பித் தரவேண்டும். இந்தக் கோரிக்கையில் நமக்குள் இரண்டு கருத்து இருக்காது.

ஆனால் கணக்கையும் நேர்மையாகப் பார்த்துவிடுவோம். டெமி அளவில் 160 பக்கம், பத்து ஃபாரம், 300 பிரதி. டபுள் டெமியில் மூன்று ரீம். 70 ஜி.எஸ்.எம். தாள், வேஸ்டேஜும் சேர்த்துச் சுமார் 60 கிலோ. கிலோ 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் தாளின் விலை 4,800. கூடியிருக்கும் 6 சதவீதம் 288 ரூபாய். பிரதிக்கு 96 காசு. பெரிய பதிப்புகள் போடுகிறவர்களுக்கு இது ஆண்டு முடிவில் பெரிய தொகையாகத் திரளும், மறுக்கவில்லை. ஆனால் சிற்றூரில் இருந்துகொண்டு 300 பிரதி அச்சிடுகிற எழுத்தாளரின் புத்தகத்தை முடக்கிப்போடுவது இந்த 96 காசு இல்லை. அவர் புத்தகத்தின்மேல் வேறொரு 10 ரூபாய் ஏழெட்டு ஆண்டுகளாக விழுந்துகொண்டிருக்கிறது. அதற்காக யாரும் மனுக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அந்த 10 ரூபாய் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன்.

நம் சிற்றூர்களில் பாடநூல், கோனார் உரை, நோட்டு விற்கும் கடைகள் உண்டு. நாவலோ கவிதையோ வட்டார வரலாறோ கேட்டால் எடுத்துத் தரும் கடை அநேகமாக இல்லை. ரயில் நிலையப் புத்தகக் கடைகளில் பெரும்பகுதி இடத்தைத் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டுவிட்டன. ஆகவே அந்த ஊர்களில் இலக்கியம் வேறு கடைகளில்தான் இடம் தேடிக்கொண்டிருக்கிறது. கோவில்பட்டியில் கவிஞர் தேவதச்சனின் நகைக் கடை ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் வந்து உட்கார்ந்து பேசிய இடம். இன்றைக்கு அந்த வேலையைச் செய்வது காபிக் கடைகள். பித்தளை டபராவில் டிகிரி காபி தருகிற, இருபது பேர் உட்காரக்கூடிய, மாலை ஆறு மணிக்கு ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் வழக்கறிஞர் குமாஸ்தாக்களும் வருகிற கடைகள். உள்ளூர் எழுத்தாளர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கே ஒரு மேசையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். வருகிறவர்களிடம் பேசி, பெயர் கேட்டு, முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறார். இருபது பிரதி போகும், சில நாள் நாற்பதும் போகும்.

இப்படிப்பட்ட மாலைகள் பலவற்றில் நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இந்த உரையில் நான் சொல்ல வந்ததே அங்கே கற்றுக்கொண்டதுதான். எழுத்தாளர் உட்கார்ந்திருக்கும் இரண்டு மணி நேரத்தில் வாங்குகிறவர்கள் அவருடைய நண்பர்கள், உறவினர்கள், பழைய மாணவர்கள். அவர்கள் எப்படியும் வாங்குவார்கள். உண்மையான வாசகர் மறுநாள் வருகிறார். காபிக்குக் காசு கொடுக்கும்போது கல்லாவுக்குப் பக்கத்தில் பத்துப் பிரதிகள் இருப்பதைப் பார்க்கிறார். அட்டையில் தன் ஊர்ப் பெயர் இருக்கிறது. எடுத்துப் புரட்டுகிறார். மூன்றாவது நாள் வாங்குகிறார். எழுத்தாளரின் முகத்துக்காக வாங்காமல் புத்தகத்துக்காக வாங்கும் முதல் ஆள் அவர். அந்தப் பத்துப் பிரதிகள்தான் அந்த ஊரின் புத்தகக் கடை. கையெழுத்துப் போடுவது அதற்கான திறப்பு விழா மட்டுமே.

ஆனால் அந்தக் கடை பெரும்பாலும் திறப்பு விழாவோடு நின்றுவிடுகிறது. காரணம் சி.ஜி.எஸ்.டி. விதி 7. காம்போசிஷன் என்ற எளிய வரித் திட்டத்தில் இருக்கும் வியாபாரி தன்னுடைய வரிக்குட்பட்ட விற்பனைக்கு மட்டும் ஒரு சதவீதம் கட்டினால் போதும் என்று 2018 ஜனவரியில் திருத்தினார்கள். அதே அட்டவணையில் உணவகத்துக்கு எதிரே ‘மாநிலத்தில் உள்ள விற்றுமுதல்’ என்று இருந்ததை அப்படியே விட்டுவிட்டார்கள். விகிதம் 5 சதவீதம். விற்றுமுதல் என்றால் விலக்குப் பெற்ற பொருளும் உள்ளே வந்துவிடுகிறது. 200 ரூபாய் புத்தகத்தைக் காபிக் கடை தன் பில்லில் விற்றால் கடைக்குக் கழிவு 10 சதவீதம், அதாவது 20 ரூபாய். வரி 10 ரூபாய். சி.ஜி.எஸ்.டி. சட்டத்தின் பிரிவு 10(4)இன்படி அதை வாங்குகிறவரிடம் வசூலிக்கவும் முடியாது. இருபதில் பாதி போய்விடுகிறது, அதுவும் நாடு முழுக்க வரியில்லாத ஒரு பொருளுக்கு. எந்தக் கணக்காளரும் ‘வேண்டாம் அண்ணாச்சி, புத்தகத்தை நம்ம கல்லாவில் சேர்க்காதீங்க’ என்றுதான் சொல்வார். நான் கேட்ட இடங்களில் எல்லாம் அதைத்தான் சொன்னார்கள்.

அடி விழுவது யார்மேல் என்பதையும் பார்க்கவேண்டும். ஆண்டுக்கு 20 லட்சத்துக்குக் கீழே வியாபாரம் செய்கிற காபிக் கடைக்காரர் பதிவே செய்யவேண்டாம். ஆனால் 20 லட்சம் என்பது நாளொன்றுக்கு ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய்கூட இல்லை. ஓரளவு ஓடுகிற காபிக் கடை அதைத் தாண்டிவிடும். நெடுஞ்சாலையில் குளிர்சாதனம் வைத்த பெரிய கடைகள் வழக்கமான பதிவில் இருக்கின்றன. அவை புத்தகம் விற்றால் ஒரு காசு வரி இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில், ஒன்றரைக் கோடிக்குள் காம்போசிஷனில் நிற்கும் ஊர்க் கடைக்குத்தான் புத்தகம் பாரமாகிறது. உள்ளூர் எழுத்தாளர் உட்காரும் கடையும் அதுதான்.

கடைக்காரரை முகவராகக் காட்டி, கமிஷனுக்கு மட்டும் கணக்கு வைத்துக்கொள்ளலாமே என்று நம் தொழிலில் சிலர் வழி சொல்வார்கள். அதற்கு ஒப்பந்தம், தனிப் பேரேடு, எழுத்தாளர் பெயரில் பில். பிரதிக்கு 20 ரூபாய்க்காகக் காபி ஆற்றிக்கொண்டிருக்கிற மனிதர் இதையெல்லாம் செய்யமாட்டார், செய்யச் சொல்லவும் கூடாது. அதோடு 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யூபிஐ வரவை எண்ணிப் பார்த்துச் சிறு கடைகளுக்கு நோட்டீஸ் போன செய்தி எல்லார் காதுக்கும் எட்டியிருக்கிறது. காய்கறிபோல வரியே இல்லாத பொருளை விற்றவர்களும் அதில் மாட்டிக்கொண்டு அலைந்தார்கள். அதன்பிறகு, கடையின் க்யூஆர் அட்டையில் புத்தகப் பணம் ஏறுவதைப் பார்த்தாலே கடைக்காரர்கள் பதறுகிறார்கள். போன மாதம் நான் இருந்த ஒரு மாலையில், ஒரு வாசகர் தவறிக் கடை அட்டையை ஸ்கேன் செய்துவிட்டார். கடைக்காரர் 200 ரூபாயை அங்கேயே அவருக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, எழுத்தாளரின் அட்டைக்கு மாற்றிப் போடச் சொன்னார். எட்டு மணிக்கு மீதமிருந்த பதினேழு பிரதிகளைப் பையில் போட்டுக்கொண்டு எழுத்தாளர் பேருந்து நிலையத்துக்குப் போனார். அவர் ஓய்வு பெற்ற தபால்காரர். தான் முப்பது ஆண்டு கடிதம் கொண்டுபோன தெருக்களைப் பற்றிய புத்தகம் அது. அந்தத் தெருக்காரர்கள் அதை எங்கே போய் வாங்குவார்கள்?

நூலகத்தில் வைக்கலாமே என்று அதிகாரிகள் சொல்வார்கள். சொல்லியும் இருக்கிறார்கள். சுதந்திர இந்தியாவிலேயே முதலில், 1948இல், பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நாம். சொத்து வரியோடு நூலக வரி என்று பத்து சதவீதம் ஒவ்வொரு கட்டடத்துக்கும் வசூலாகிறது. அந்தக் காபிக் கடை இருக்கும் கட்டடமும் கட்டுகிறது. ஆனால் ஒரு கிளை நூலகத்தில் உள்ளூர் எழுத்தாளருக்காக ஒரு மாலை இடம் கேட்டு நான் கொடுத்த விண்ணப்பத்துக்கு நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. கூட்டம் நடத்தலாம், வளாகத்தில் விற்பனை கூடாது. மக்களின் காசில் கட்டிய கூடத்தில், அந்த மக்களில் ஒருவர் எழுதிய புத்தகத்தை அவர்கள் கையில் கொடுக்க முடியாது. அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். 2022க்குப் பிறகு மாவட்டந்தோறும் அரசு நடத்தும் புத்தகத் திருவிழாக்களை இந்த இதழ் மனமாரப் பாராட்டியது. சில ஊர்களில் உள்ளூர் எழுத்தாளருக்கென்று அரங்கு ஒதுக்கியதையும் பாராட்டினோம். ஆனால் திருவிழா மாவட்டத் தலைநகரில் பத்து நாள். மீதி 355 நாளைக்கு, தாலுகா ஊர்களுக்கு, என்ன ஏற்பாடு என்று இதுவரை எந்த அமைச்சரும் எந்தச் செயலரும் சொல்லவில்லை. எத்தனை முறை எழுதுவது?

சட்டத்தில் வழி இல்லாமலும் இல்லை. பிரிவு 10இன் இரண்டாவது விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். காம்போசிஷன் வரியைக் கணக்கிடும்போது, கடன், வைப்புத் தொகைகளுக்கு வரும் வட்டியை விற்றுமுதலில் சேர்க்கவேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கடைக்காரரின் வங்கி வட்டியால் அவருக்கு அநியாயம் நடக்கிறது என்று யாரோ எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள், மன்றமும் கேட்டிருக்கிறது. அதற்குக் கீழே மூன்றாவது உட்பிரிவாக 4901ஐச் சேர்த்தால் போதும். தாள் வரியைக் குறைத்தால் வருவாய் இழப்பு என்று சொல்வார்கள், அதற்காவது ஒரு கணக்கு இருக்கிறது. காபிக் கடைகளில் விற்கும் புத்தகங்களிலிருந்து அரசுக்கு இன்றைக்கு ஒரு ரூபாய்கூட வருவதில்லை, ஏனென்றால் கடையின் பில்லில் விற்பனையே நடக்கவில்லை. இழக்க ஒன்றுமில்லாத இடத்திலும் ஏன் தயங்குகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கிறவர் எளியவர் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

தாள் வரிக்கு எதிராக நம் தொழில் அமைப்புகள் தயாரிக்கும் மனுக்களில் இந்த இரண்டாவது கோரிக்கையையும் சேர்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் மாநில நிதியமைச்சர் ஜி.எஸ்.டி. மன்றத்தில் உறுப்பினர். அவரிடம் நேரில் கொடுக்கும்போது வெறும் வாதமாக இல்லாமல் சான்றோடு கொடுக்கவேண்டும். காபிக் கடையில் நூல் விற்க முயன்று, கணக்காளர் வேண்டாம் என்று சொன்ன அனுபவம் உங்களுக்கோ உங்கள் எழுத்தாளர்களுக்கோ இருந்தால், ஊர்ப் பெயர், கடையின் பதிவு வகை, புத்தக விலை, கடைக்குப் பேசிய கழிவு இந்த நான்கையும் எழுதி இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். அதுவரை எழுத்தாளர்கள் தங்கள் பெயரிலேயே பில் எழுதட்டும், தங்கள் அட்டையிலேயே பணம் வாங்கட்டும். விலக்குப் பெற்ற பொருளை மட்டும் விற்கிறவருக்குப் பிரிவு 23இன்படி பதிவு தேவையில்லை. யாராவது வந்து கேட்டால் அந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லலாம்.