தப்பு என்னும் சொல்

சென்ற மாசித் திங்களில், பதுளையை அடுத்த தோட்டமொன்றிலே காமன் கூத்தைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று. களத்தின் ஓரத்தில் தீ மூட்டித் தப்புகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தனர். அருகில் நின்ற மாணவன் ஒருவன் நம்மிடம் வந்தான்.

"ஐயா, எங்கள் தாத்தா தப்படிக்கிறவர். பள்ளிக்கூடத்தில் அதைச் சொன்னால், 'தப்புச் செய்கிறவரா?' என்று சிரிக்கிறார்கள். இதற்கு ஏன் இந்தப் பெயர் வைத்தார்கள்?" என்று கேட்டான்.

வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் அவனுக்குக் கூறிய விடையை இங்கே தருகிறோம்.

தமிழில் 'தப்பு' என ஒலிக்கும் சொற்கள் இரண்டு உண்டு. ஒன்று தவறுதல், பிழைத்தல் என்னும் பொருளது. மற்றொன்று தட்டுதல், அடித்தல் என்னும் பொருளது. ஆடையை அடித்துத் துவைப்பதைத் 'துணி தப்புதல்' என்பது இதனாலேயே. தட்டி ஒலி எழுப்பும் கருவிக்கு இரண்டாவது பொருளே பொருந்தும். அரபு மொழியில் ஒருமுகத் தோற்கருவியைத் 'தஃப்' என்பர். பெயர் அங்கிருந்து வந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும் குற்றத்துக்கும் இதற்கும் உறவு ஏதுமில்லை.

இவ்வினக் கருவிக்குப் பறை என்பது பழம்பெயர். பறைதல் என்றால் சொல்லுதல். யாழ்ப்பாணத்தார் 'பறையாமல் இரு' என்றால் 'பேசாதிரு' என்று பொருள். மலையாளத்தார் இன்றும் பேசுவதைப் 'பறயுக' என்றே சொல்வர். ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் சேர்த்து எண்ணினார் தொல்காப்பியர்.

ஊவாத் தோட்டங்களில் தப்பு செய்த பணியும் சொல்லுதலே. விடியுமுன் முழங்கித் தொழிலாளரைப் பெரட்டுக் களத்துக்கு அழைத்தது. 'பெரட்டு' என்பது 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபாகும். திருவிழாவையும் சாவையும் லயத்துக்கு லயம் அறிவித்தது. ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. கேட்டவுடன் செய்தி விளங்கும். இத்துணைப் பயன்பட்ட கலைஞரைச் சாதியின் பெயரால் ஒதுக்கி வைத்தார்களே, தவறு என்னும் சொல் அச்செயலுக்கே உரியது.

"தம்பி, தாத்தாவுக்குத் தெரிந்த அடிகள் எத்தனை என்று கேட்டு, பெயரோடு எழுதி வை" என்றோம்.

"எழுதிக் காட்டுகிறேன் ஐயா" என்றவன், காய்ந்த தப்பைத் தாத்தாவிடம் எடுத்துக் கொடுக்க ஓடினான்.