குடலில் வாழும் குடிகள்

பகையை அழிக்கப் புறப்பட்ட படை, போகும் வழியிலுள்ள பயிரையும் மிதித்துச் செல்லும். இரத்தப் புற்றுநோய்க்கு அளிக்கப்படும் மருந்தின் இயல்பும் அத்தகையதே.

இம்மருந்தின் வரலாற்றில் நம் அண்டைநாட்டார் ஒருவருக்குப் பெரும்பங்குண்டு. ஆந்திர நாட்டிற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், உடன்பிறந்தாரைக் குடல்நோய்க்குப் பறிகொடுத்தவர். அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுகூடத்தில், அந்நோய்க்கு உதவும் போலிக் அமிலத்தை ஆக்கும் பணியை அவர் நடத்தினார். அவ்வமிலத்தின் வேலையைத் தடுக்கும் அமினோப்தெரினும் அங்கேயே உருவாயிற்று. பொஸ்தன் நகர வைத்தியர் சிட்னி பார்பர் அதனை 16 குழந்தைகளுக்குக் கொடுத்து, 10 பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்ததென 1948இல் அறிவித்தார். அதன் உறவான மெதொற்றெக்சேற் இன்றும் வழக்கிலுள்ளது.

இத்தகைய மருந்துகள் விரைந்து பெருகும் கலங்களைத் தாக்குவன. புற்றுக் கலங்கள் மட்டுமா விரைந்து பெருகுகின்றன? என்புமச்சையும் குடலின் உட்தோலும் அவ்வாறே. ஆகவே கிருமியை எதிர்க்கும் வெண்குருதித் துணிக்கைகள் குறைகின்றன, குடற்சுவரும் புண்ணாகிறது. குடலிலே கோடானுகோடி பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றுட் பல, தீயவற்றுக்கு இடங்கொடாது நெருங்கி வாழும் நண்பர்கள். காய்ச்சலுக்குக் கொடுக்கும் நுண்ணுயிர்கொல்லி இந்நண்பரையும் அழிக்க, எஞ்சிய முரட்டுக் கிருமிகள் பெருகிப் புண்வழியே இரத்தத்திற் புகுதல் கூடும். அமெரிக்காவின் சென் யூட் ஆஸ்பத்திரியார் 199 சிறுவரை ஆராய்ந்து, குடலில் எந்தெரோகொக்கசுக் குடும்பம் மேலோங்கியவரிடம் பின்னர்த் தொற்று மிகுந்ததென 2018இல் வெளியிட்டனர்.

அங்ஙனமாயின் நுண்ணுயிர்கொல்லியை விலக்கலாமோ எனின், கூடவே கூடாது. வெண்துணிக்கை குறைந்த வேளையில் வரும் காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிரைக் குடிக்கவல்லது. மல்லித் தண்ணீர் கொடுத்து, விடியட்டும் என்று காத்திருத்தல் பேதைமை. இரவாயினும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

கொதித்தாறிய நீர், அப்போது சமைத்த உணவு, சவர்க்காரமிட்டுக் கழுவிய கை ஆகிய மூன்றும் வீட்டார் கடமை. குடலுக்கு நன்றென்று விற்கப்படும் பற்றீரியா மாத்திரைகளும் இந்நோயாளருக்குச் சிலவேளை தீங்காகலாம். வைத்தியரைக் கேளாது கொடுத்தலாகாது.

சுன்னாகத்துக்கு அயலூரான தெல்லிப்பழையில் 2013இல் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது. அங்கே நோயாளரைப் பார்க்கச் செல்வது நம்மவர் பண்பு. தடிமனும் இருமலும் உள்ளபோது போகாதிருப்பது அதனினும் உயர்ந்த பண்பு.