எந்தப் பரீட்சை என்பதற்கு முன் எதற்கு என்று கேட்போம்

பெரியம்மா வீட்டு அலுமாரியில், பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் கோப்புக்குள், ஒரு பெறுபேற்றுத் தாள் இருக்கிறது. பெரியம்மாவின் மகள், எங்கள் ராத்தா, எழுதிய ஐயெல்ட்ஸ் பரீட்சையின் பெறுபேறு அது. மொத்தப் புள்ளி 6. நல்ல புள்ளிதான். ஆனால் அந்தத் தாள் எதற்கும் உதவவில்லை.

ராத்தாவுக்கு நிக்காஹ் முடிந்திருந்தது. மச்சான் லண்டனில். பிரித்தானியாவில் இருக்கும் கணவனிடம் மனைவியாகப் போவதற்கு, 2010 நவம்பர் 29 முதல், ஆங்கிலத் தகைமையைக் காட்ட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். முதல் விசாவுக்குக் கேட்பது மிக அடிப்படையான ஏ1 நிலை. அதுவும் பேச்சும் கேட்டலும் மட்டுமே. அதற்கென்றே 'லைஃப் ஸ்கில்ஸ்' என்ற சிறிய ஐயெல்ட்ஸ் பரீட்சை ஒன்று உண்டு. இருவர் சேர்ந்து ஒரு பரீட்சகர் முன் இருந்து பேச வேண்டும். புள்ளி கிடையாது, சித்தி அல்லது சித்தியின்மை, அவ்வளவுதான்.

இது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. "ஐயெல்ட்ஸ் வேணுமாம்" என்ற ஒரு சொல் மட்டும் தெரியும். ராத்தா ஐந்து மாதம் வகுப்புக்குப் போனார். வரைபடத்தைப் பார்த்து 150 சொல், கட்டுரை 250 சொல் என்று எழுதிப் பழகினார். கட்டணத்துக்குப் பெரியம்மாவின் இரண்டு காப்புகள் அடகுக்குப் போயின. கடைசியில் தெரியவந்தது, பிரித்தானிய விசாவுக்கு அவர்களின் பட்டியலில் உள்ள பரீட்சைதான் செல்லும் என்று. அந்த விசாவுக்காகத் தனியாக நடத்தப்படும் ஐயெல்ட்ஸ் இருக்கிறது. ராத்தா எழுதியது சாதாரண ஐயெல்ட்ஸ். மறுபடி கட்டணம், மறுபடி பயணம், மறுபடி காத்திருப்பு.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் கேட்டது "எது லேசு?" என்ற கேள்வியை. "யாரிடம் காட்டப் போகிறோம்?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது என் உம்மா ஐந்தாம் வகுப்பு. பிறகு படித்தது புத்தளத்தில், அகதி முகாமுக்குப் பக்கத்தில், மாலை நேரப் பாடசாலையில். அவர்களுடைய தலைமுறையில் பலருக்கு ஆங்கிலப் படிவத்தைத் தனியாக வாசித்து முடிவெடுக்கும் வாய்ப்பே அமையவில்லை. ஆகவே வகுப்பு நடத்துபவரிடம் கேட்கிறார்கள். ஒரு பரீட்சைக்கு மட்டும் வகுப்பு நடத்துபவர் வேறென்ன சொல்வார்? தன்னிடம் இருக்கும் மருந்தைத்தான் தருவார். இதில் எங்கள் பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த நாங்கள் வாசிக்காமல் இருந்தால் அது எங்கள் குறைதான்.

நான் வாசித்து அறிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஐயெல்ட்ஸில் 'அகடமிக்', 'ஜெனரல் ட்ரெய்னிங்' என இரண்டு வகை. பல்கலைக்கழகம் கேட்பது பெரும்பாலும் முதலாவது. கனடாவுக்கு நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிப்பவருக்கு வேண்டியது இரண்டாவது. அங்கே அகடமிக் செல்லாது. பேச்சுப் பகுதி ஒரு பரீட்சகருடன் 11 முதல் 14 நிமிடம். ரோஃபல் அமெரிக்காவில் 1964இல் தொடங்கிய பழைய பரீட்சை. அதில் ஒலிவாங்கியில் பேச வேண்டும். பி.ரி.ஈ. 2009இல் வந்தது; முழுக்கக் கணினியில், 10 முதல் 90 வரை புள்ளி. டுவோலிங்கோ வீட்டிலிருந்தே எழுதுவது; ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல ஏற்கின்றன, ஆனால் பிரித்தானிய விசாப் பட்டியலில் அது இல்லை. வைத்தியர், தாதியர் போன்றோருக்கு ஓ.ஈ.ரி. என்று தனிப் பரீட்சையே இருக்கிறது. நோயாளியிடம் பேசுவதும் கடிதம் எழுதுவதும் அதில் உண்டு.

இவற்றில் எது லேசு? "பெண்பிள்ளைகளுக்குக் கணினிப் பரீட்சைதான் வசதி, அந்நியர் முன்னால் பேசத் தேவையில்லை" என்று எங்கள் வகுப்பிலேயே ஒரு பேச்சு இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. விரைவாகத் தட்டச்சுச் செய்யத் தெரியாதவளுக்குக் கணினிப் பரீட்சை லேசாக இருக்காது. வீட்டிலிருந்து எழுதுவது என்றால் தனி அறையும் அறுந்துபோகாத இணையமும் வேண்டும். தம்பி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாலே பரீட்சை செல்லாமல் போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒலிவாங்கியிடம் மட்டும் பேசிப் புள்ளி எடுத்தவள் நாளை விரிவுரையாளரிடம் எப்படிச் சந்தேகம் கேட்பாள்? முகத்திரை அணிபவர்கள் அடையாளம் பார்க்கும்போது என்ன செய்வார்கள் என்பதை முன்கூட்டியே நிலையத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதைக் காரணமாக்கிப் பரீட்சையை மாற்றத் தேவையில்லை.

இன்னொன்று, இந்தப் பெறுபேறுகள் பொதுவாக இரண்டு வருடமே செல்லும். எங்களில் சிலர் உயர்தரம் படிக்கும்போதே "எடுத்து வைப்போம்" என்று ஐயெல்ட்ஸுக்குப் பணம் கட்டுகிறார்கள். பிறகு உயர்தரப் பரீட்சை, பெறுபேறு, இசட் புள்ளி, வெட்டுப்புள்ளி, பல்கலைக்கழக அனுமதி என்று காலம் ஓடுகிறது. வெளிநாடா உள்நாடா என்று வீட்டில் முடிவு வரும்போது அந்தத் தாள் காலாவதியாகிவிடும். அரிசி போல வாங்கி அடுக்கி வைக்கும் பொருளல்ல இது.

எடுத்து வைக்கக்கூடியது ஆங்கிலம்தான். வருத்தம் என்னவென்றால், அதை நாங்கள் விட்டுவிடுகிறோம். பாடசாலையில் பொது ஆங்கிலம் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் புள்ளி இசட் புள்ளியில் சேராது என்பதால் அந்தப் பாடவேளையில் உயிரியல் கணிப்பீட்டை எழுதிக்கொண்டிருக்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன். பின்னர் அதே ஆங்கிலத்துக்கு வெளியே காசு கொடுக்கிறோம். இங்கேயே மருத்துவ பீடத்துக்கோ பொறியியல் பீடத்துக்கோ போனாலும் படிப்பு ஆங்கிலத்தில்தான். அங்கே ஐயெல்ட்ஸ் கேட்கமாட்டார்கள். ஆனால் முதல் நாள் விரிவுரையே பரீட்சையாகிவிடும்.

ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள் இது. மகளை வகுப்பில் சேர்க்கும் முன் அவளையே பக்கத்தில் இருத்தி மூன்று கேள்விகளை எழுதச் சொல்லுங்கள். எந்த நாடு, எதற்காக? அந்தப் பல்கலைக்கழகமோ விசா அலுவலகமோ எந்தப் பரீட்சையை, எந்த வகையை, எத்தனை புள்ளியுடன் ஏற்கிறது? அந்தத் தாளை எந்த மாதத்தில் காட்ட வேண்டும்? விடையை அந்த நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் அவளே தேடட்டும். வாசித்துத் தமிழில் உங்களுக்குச் சொல்லட்டும். அவளால் அதை வாசித்து விளக்க முடியவில்லை என்றால், அவளுக்கு இப்போது தேவை பரீட்சை அல்ல, ஆங்கிலம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

மாணவிகளாகிய எங்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. எந்த நாட்டுக்கு, எந்தப் படிப்புக்கு என்ற பேச்சு வரும்போது நாங்கள் குசினிக்குள் போய் நிற்கிறோம். பெரியவர்கள் முடிவெடுத்த பிறகு பரீட்சையின் பெயர் மட்டும் எங்களிடம் வருகிறது. மரியாதையோடு அங்கே உட்கார்ந்து, "உம்மா, வாப்பா, நான் வாசித்துப் பார்த்தேன், இப்படி இருக்கிறது" என்று சொல்வது எதிர்த்துப் பேசுவதாகாது.

ராத்தா இப்போது லண்டனில் நலமாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். போன மாதம் தொலைபேசியில், என் சிநேகிதி ஒருத்திக்கு எந்தப் பரீட்சை நல்லது என்று கேட்டேன். அவர் பரீட்சையின் பெயர் எதுவும் சொல்லவில்லை. "அவ எங்க போறா, என்னத்துக்குப் போறா? அதைக் கேட்டுட்டு வா" என்றார்.